இலவமரத்திலிருந்து ஏலக்காட்டுக்கு

கொழிஞ்சாம்பாறை
10 ஜனவரி 2025

ஜோமோளுக்கு ஆனந்தி எழுதுவது.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. உன் புருஷன், என் அருமைத் தம்பி சந்துரு, என் நம்பரைத் தன் போனில் தடுத்து வைத்திருக்கிறான். உன்னிடம் பேசலாமென்றால் நீ ஏலக்காட்டை விட்டு மேலே பாறைக்கு ஏறி வந்தால்தான் டவர் கிடைக்கும். கிடைத்தாலும் பாதியில் அவன் வந்து போனை வாங்கிக்கொள்வான், பிறகு எனக்கும் அவனுக்கும் பழைய சண்டை. காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. நினைத்ததை முழுசாகச் சொல்லிவிடலாம்.

தீபாவளிக்கு வந்தவனிடம் நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று ஊரே சொல்கிறது. "தண்ணி வத்துனதும் மலைக்கு ஓடிப் போனயே, மலை சரிஞ்சா எங்கடா ஓடுவே?" என்றேன். கேட்டதில் பொய் இல்லை. அதற்குச் சாப்பாட்டை விட்டு எழுந்து போனவன்தான். குழந்தை சோனா அழுதுகொண்டே காரில் ஏறியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். கீழே வந்துவிடுங்கள். போன வருஷ வெயிலில் உங்கள் ஏலத்தட்டைகள் பாதிக்கு மேல் கருகிப்போனதை நீதான் சொன்னாய். மிச்சமிருந்தது பூத்ததே தவிர காய் பிடிக்கவில்லை. இங்கேயும் சொர்க்கம் இல்லை. போர் ஆயிரம் அடிக்குப் போய்விட்டது, சித்திரையில் வெளியே கால் வைக்க முடியாது. ஆனால் குட்டை வெட்டியிருக்கிறேன், ஆளியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வரும்போது நிரப்பிக்கொள்ளலாம். மேற்கு வீட்டுக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் போன பிறகு இத்தனை தென்னையையும் ஒருத்தியாகப் பார்க்க என்னால் முடியவில்லை. இதை அவனிடம் சொல்ல வாய் வராது, அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

இன்னொன்று. கிணற்றோரத்து இலவமரத்தில் வழக்கம்போல ஐப்பசியில் மலைத்தேனீ வந்து கூடு கட்டியிருக்கிறது. ஒவ்வொரு அடையும் முறம் அகலம், முப்பதுக்குக் குறையாது. போன வாரம் புல் அறுக்கப் போன கமலாத்தாள் கொட்டு வாங்கிச் சித்தூர் ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்து வந்தாள். கள் இறக்குகிறவர்கள் அந்தப் பக்கத்துத் தென்னையில் ஏற மாட்டோம் என்கிறார்கள். பொங்கல் கழிந்ததும் பந்தம் பிடிக்கிற ஆளை வரச்சொல்லி எல்லாவற்றையும் கொளுத்திவிடப் போகிறேன். தேன் வேண்டுமென்றால் எழுது, ஒரு கேன் எடுத்து வைக்கிறேன்.

சோனாவுக்கு என் முத்தம். அவனுக்கு ஒன்றுமில்லை.

ஆனந்தி


சாந்தன்பாறை
22 ஜனவரி 2025

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதத்தைத் தபால்காரர் யாக்கோபு அண்ணன் நீட்டும்போது, "என்ன மோளே, கோர்ட் நோட்டீஸா?" என்று கேட்டார். ஆதார் அட்டையும் பாங்கு காகிதமும் தவிர இந்த வீட்டுக்குத் தபால் வந்ததே இல்லை. உங்கள் தம்பி வெளியே போன நேரம் பார்த்து இரண்டு தடவை படித்தேன். அவனுக்கு ஒன்றுமில்லை என்று முடித்திருந்தீர்களே, அதைப் படித்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் உங்கள் பேச்சை எடுத்தால் இதே தொனியில்தான் முடிக்கிறார். இரண்டு பேரும் ஒரே அச்சு.

முதலில் தேனீ விஷயம். மதினி, உங்கள் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன், கொளுத்தாதீர்கள்.

ஏலப்பூ காலையில் விரியும், சாயங்காலம் உதிர்ந்துவிடும். அந்த ஒரு பகலுக்குள் ஒரு ஈ வந்து உட்கார்ந்து எழுந்தால்தான் காய். போன வருஷம் கடைசியில் மழை பெய்து, பிழைத்த தட்டையெல்லாம் சரம் சரமாகப் பூத்தது. ஈதான் இல்லை. சாயங்காலம் காட்டுக்குள் நடந்தால் செருப்பு முழுக்க வெள்ளைப் பூ ஒட்டிக்கொண்டு வரும். ஒவ்வொரு பூவும் காயாகியிருக்க வேண்டியது. எனக்கு மனசே ஆறவில்லை.

நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது தவக்காலத்தில் அவை வரும். முதலில் சத்தம்தான், தூரத்தில் ஜீப் ஏற்றத்தில் முக்குகிற மாதிரி. பிறகு வடக்கே, ஆனைமலைப் பக்கமிருந்து ஒரு கறுப்பு மெல்ல நகர்ந்து வரும். தலைக்கு மேலே வரும்போது வெயில் மங்கும். அப்பா செபாஸ்டின் தலையில் கட்டிய துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார். அவ்வளவு உயரத்து மரத்தில் தொங்குகிற ஈ, பூவுக்காக முழங்கால் உயரத்துக்கு இறங்கி வரும். ஏலம் தரையோடுதானே பூக்கிறது. நாங்கள் பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்து அதைப் பார்ப்போம்.

வடக்கே என்றால் உங்கள் ஊர்ப்பக்கம்தானே. உங்கள் மரத்தை விட்டு அவை எப்போது போகின்றன? கிருஷி பவனில் விவசாய ஆபீசராக இருக்கிற மேடத்திடம் கேட்டேன். நூறு கிலோமீட்டருக்கு மேலும் இடம்பெயரும் என்றார். ஆனால் உன் நாத்தனார் வீட்டு ஈதான் இங்கே வருகிறது என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது என்றும் சொன்னார். கடிதத்தைப் பற்றி மூச்சுவிடாமல் இதை மட்டும் வீட்டில் சொன்னேன். "எங்கக்கா ஊட்டு ஈயா? அப்படின்னா ஜாக்கிரதையா இரு, பேசியே கொட்டும்" என்றார் உங்கள் தம்பி.

இப்போது நீங்கள் கேட்டது. ஒரு ரிசார்ட்காரர் எங்கள் இரண்டு ஏக்கரையும் விலைக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இந்த வருஷம் முதல் காய் எடுப்பு வரை பார்ப்பது, அதுவும் பொய்த்தால் கொடுத்துவிட்டுக் கீழே வருவது என்று நானும் அவரும் பேசி வைத்திருக்கிறோம். ஆகவே நாங்கள் வர வேண்டுமென்றால் நீங்கள் பேசாமல் பந்தத்தைப் பற்றவைத்துவிடலாம். அது தெரிந்தேதான் உங்களிடம் கேட்கிறேன்.

ஜோமோள்


கொழிஞ்சாம்பாறை
5 பிப்ரவரி 2025

ஜோமோளுக்கு,

நீ கெட்டிக்காரிதான். உன்னைப் போய் வாயில்லாப் பூச்சி என்று கல்யாணத்தில் சொன்னார்களே, அவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். என் தம்பி என்னிடம் வராமல் இருப்பதற்கு நான் தேனீ வளர்க்க வேண்டும், அப்படித்தானே?

பந்தக்காரர் திங்கட்கிழமை பொழுது சாயும்போது வந்தார். ஓலையைச் சுருட்டி எண்ணெயில் நனைத்து எல்லாம் தயார். நான் கிணற்றுமேட்டில் நின்றேன். அந்த நேரத்தில் ஒரு பருந்து தேனுக்காக மரத்தைச் சுற்றியது. சுற்றி அடைக்குப் பக்கத்தில் வந்ததும், அடையில் மொய்த்திருந்த ஈக்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வாலைத் தூக்கின. மேலே தொடங்கி கீழ்வரைக்கும் ஒரு அலை ஓடியது. ஜமுக்காளத்தை ஒரு முனையில் பிடித்து உதறினால் ஓடுமே, அப்படி. பருந்து விலகியது. திரும்ப வந்தது, திரும்ப அலை. பிறகு பக்கத்து அடையிலும் அதே அலை, அதற்கடுத்ததிலும். யார் கட்டளை கொடுத்தார்கள்? இத்தனை வருஷம் அந்தக் கிணற்றில் தண்ணீர் சேந்தியிருக்கிறேன், ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

பந்தக்காரருக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். காற்று அடிக்கிறது, கீற்றில் தீப்பிடித்துவிடும் என்று சொன்னேன். உன்னிடம் பொய் எதற்கு, அன்று காற்றே இல்லை.

கமலாத்தாளிடம் சொல்லிவிட வேண்டுமல்லவா, அவள்தானே கொட்டு வாங்கியவள். முகத்தில் கொட்டின தழும்பு இன்னும் மறையவில்லை. "கொட்டுனதுக கொட்டுன எடத்துலயே செத்துப் போச்சுங்களே அம்மிணி. மத்ததுக என்ன பண்ணுச்சுங்க?" என்றாள். அடுத்த மூச்சில், "ஆனா அந்தப் பக்கம் இனி நீங்களே புல்லு அறுத்துக்கோங்க" என்றும் சொன்னாள். அதுவும் நியாயம்தான். கிணற்றோரத்துத் தென்னைகளில் இந்த வருஷம் கள் இல்லை என்று சொல்லி முள்வேலி போட்டிருக்கிறேன்.

ஆனால் நான் விட்டுக்கொடுத்தேன் என்று நினைக்காதே. முதல் காய் எடுப்பு சரியில்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். உன் மாதா மேல் சத்தியம் பண்ணி எழுது.

ஆனந்தி


கொழிஞ்சாம்பாறை
2 மார்ச் 2025

ஜோமோள்,

போய்விட்டன.

நேற்றுக் காலை ஒன்பது மணி இருக்கும், தொட்டியில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். மூன்று நான்கு நாளாகவே அடையில் கூட்டம் கலைந்து கலைந்து சேர்ந்துகொண்டிருந்தது. திடீரென்று ஒரு அடையிலிருந்து எல்லா ஈயும் உதிர்ந்தது. விழவில்லை, உதிர்ந்து அப்படியே பறந்தது. மரத்துக்கு மேலே ஒரு பந்தலளவு வட்டம் போட்டது. கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, யாரோ கதவைத் திறந்துவிட்டது போலத் தெற்கே திரும்பியது. மத்தியானத்துக்குள் ஐந்தாறு கூட்டம் போயிற்று. இன்று சாயங்காலத்துக்குள் மரம் காலி.

உன் மேடம் சொன்னது உண்மையா என்று பக்கத்து ஊர்க் கல்லூரியில் பூச்சி பாடம் எடுக்கிற பெண்ணிடம் போய்க் கேட்டேன். அவள் சொன்னதில் ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. வேலைக்கார ஈ சில வாரம்தான் உயிரோடு இருக்குமாம். இங்கிருந்து போகிற வேலைக்கார ஈக்களில் ஒன்றுகூட ஐப்பசியில் திரும்பி வராது. வருவது அதுகளின் பிள்ளைகளின் பிள்ளைகள். அதுகள் இந்த மரத்தைப் பார்த்ததே கிடையாது. ஆனாலும் சுற்றிலும் இத்தனை மரம் இருக்க, இதே இலவமரத்துக்கு, சில சமயம் இதே கிளைக்கு வரும். "எப்படீங்க அது?" என்று கேட்டேன். ராணி ஈக்கு ஞாபகம் இருக்கலாம், வாசனை இருக்கலாம், சரியாகத் தெரியாது என்றாள். படித்த பிள்ளை தெரியாது என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

நமக்கு நம் தாத்தா வெட்டின கிணறு எதுவென்றே மறந்து போகிறது.

வந்ததும் எழுது. வராவிட்டாலும் எழுது.

ஆனந்தி


சாந்தன்பாறை
30 மார்ச் 2025

அன்புள்ள மதினிக்கு,

இன்னும் வரவில்லை. தினமும் காலையில் வடக்கே பார்க்கிறேன். ஒரு மழை பெய்ய வேண்டும், பெய்தால்தான் காப்பி பூக்கும், காப்பி பூத்தால்தான் அவை இறங்கும் என்பார் அப்பா. மழை காணோம். தட்டைகளுக்கு மேல் நிழலுக்குப் பச்சை வலை கட்டியிருக்கிறோம். மரத்தை வெட்டிவிட்டு வலை கட்டுகிற காலம் வந்துவிட்டது பாருங்கள்.

நீங்கள் கேட்ட சத்தியம் பண்ணுகிறேன். முதல் காய் எடுப்பு பொய்த்தால் வந்துவிடுகிறோம்.

சோனா நேற்று என்னிடம், "அம்மா, நான் உன்ன மாதிரி பெருசானா இங்க ஏலம் இருக்குமா?" என்று கேட்டாள். இரவு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு நாற்பது வயதாகும்போது இந்த மலை எப்படியிருக்கும்? ஒரு நேரம் பார்த்தால் எல்லாச் சரிவிலும் கண்ணாடி வீடுகள், தண்ணீர் லாரியில் வருகிறது, ஒரு பறவைச் சத்தம் இல்லை. இன்னொரு நேரம் பார்த்தால் ஆட்கள் தோட்டங்களை விட்டுப் போய், அகில் மரமும் பலாவும் தானாக முளைத்து, அடியில் காட்டு ஏலம். இரண்டிலும் நாங்கள் இல்லை, மதினி. நாங்களும் இருந்து, மலையும் இருக்கிற மாதிரி ஒன்றை நினைத்துப் பார்க்க முயன்றேன். தூக்கம்தான் வந்தது.

ரிசார்ட்காரர் மறுபடியும் வந்துவிட்டுப் போனார்.

ஜோமோள்


கொழிஞ்சாம்பாறை
9 ஏப்ரல் 2025

ஜோமோள்,

வந்ததா? இங்கே நாற்பது டிகிரி. வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஆனந்தி


சாந்தன்பாறை
19 ஏப்ரல் 2025

மதினி, வந்துவிட்டன.

நேற்று பெரிய வெள்ளி. வழக்கம்போல் ஊர் முழுக்க மரச்சிலுவையைத் தூக்கிக்கொண்டு குருசுமலை ஏறினோம். முந்தின வாரம் இரண்டு மழை பெய்து காப்பியெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது, வழியெல்லாம் வாசனை. பாதி மலையில், ஒரு ஸ்தலத்தில் நின்று ஜெபம் சொல்லும்போது அந்தச் சத்தம் கேட்டது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. யாக்கோபு அண்ணன்தான் சிலுவைக்கு முன்னால் நடந்தார். "உக்காருங்க, எல்லாரும் அப்படியே உக்காருங்க, கையை வீசாதீங்க" என்றார். முந்நூறு பேர் இருந்திருப்போம், பிள்ளைகள் உட்பட அத்தனை பேரும் பாறையில் உட்கார்ந்தோம்.

தலைக்கு மேலே தென்னை உயரத்தில் போயிற்று. ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று. ஈயின் நிழல் பாறையில் விழுந்து ஓடியது, எங்கள் மேலும் ஓடியது. என் கையில் அந்த நிழலைப் பார்த்தேன். சாமியார் ஜெபத்தை நிறுத்திவிட்டு அண்ணாந்து நின்றார். போய் முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் யாரும் எழவில்லை. பிறகு சாமியார், விட்ட இடத்திலிருந்து இல்லாமல், முதலிலிருந்தே அந்த ஜெபத்தைச் சொன்னார்.

நீங்கள் பார்த்தது போலத்தான் நானும் பார்த்தேன் என்று எழுத நினைத்தேன். ஆனால் நீங்கள் அவை போவதைப் பார்த்தீர்கள், நான் வருவதைப் பார்த்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள்.

உங்கள் ஈயா என்று தெரியாது. நான் உங்களுடையது என்றே வைத்துக்கொள்கிறேன். பழைய காலத்தில் பத்திருபது கூட்டம் வரும், நேற்று வந்தது ஐந்துதான். எங்கள் தோட்டத்து ஓரத்து அயனி மரத்தில் ஒன்று இறங்கியிருக்கிறது. உங்கள் தம்பி ராத்திரி சாப்பிடும்போது, "கொளுத்தாம விட்டுச்சா அக்கா?" என்று மட்டும் கேட்டார். கடிதம் எழுதுவது அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

ஜோமோள்


சாந்தன்பாறை
20 மே 2025

அன்புள்ள மதினிக்கு,

இதை எப்படி எழுதுவது என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். நீங்கள் கோபித்துக்கொண்டாலும் எழுதியே ஆக வேண்டும்.

அவர் விடிவதற்கு முன்னால் எழுந்து மருந்தடிப்பவர், உங்களுக்குத் தெரியும். கல்யாணமாகி வந்த புதிதில் என் அப்பாவே அசந்துபோனார். "மாப்பிள பனி காயுறதுக்குள்ள வேலைய முடிச்சிருதாவ" என்று ஊரெல்லாம் சொல்வார். காற்று எழும்புவதற்கு முன்னால், வெயில் ஏறுவதற்கு முன்னால் மருந்தடிக்க வேண்டும் என்பது உங்கள் அப்பா சொல்லிக் கொடுத்தது என்று அவர் பெருமையாகச் சொல்வார். எங்கள் பக்கத்தில் மற்றவர்களும் காலையில்தான் அடிக்கிறார்கள். போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் ஜீப்பில் வருகிற ஆட்கள் மத்தியானம் கழிந்ததும் மலை இறங்கிவிடுவார்கள், அதனால்.

ஏப்ரல் கடைசியில் மேல்காட்டில் மருந்தடித்தார்கள். பத்து மணிக்கு நான் கஞ்சி கொண்டு போனேன். தட்டைக்கு அடியில், விரிந்த பூவுக்குப் பக்கத்திலேயே, ஈக்கள் கிடந்தன. சில இன்னும் காலை அசைத்துக்கொண்டிருந்தன. மடியில் அள்ளி எடுத்தேன். எதற்கு எடுத்தேன் என்று தெரியவில்லை.

மறுநாள் கீழ்க்காட்டில் அடிக்க வேண்டும். அன்றிரவு போடிமெட்டுப் பாதையில் மண் சரிந்து ஒரு வாரம் ஜீப் வரவில்லை. கீழ்க்காடு மருந்தில்லாமல் கிடந்தது. பூச்சி தின்றுவிடும் என்று அவர் புலம்பினார். கொஞ்சம் தின்றதுதான். ஆனால் இப்போது பாருங்கள், கீழ்க்காட்டில் சரத்துக்குச் சரம் பிஞ்சு, விரல் வைக்க இடமில்லை. மேல்காட்டில் பூ உதிர்ந்து காம்பு மட்டும் நிற்கிறது. ஒரே தோட்டம், ஒரே தட்டை, ஒரே மழை.

நாங்கள் இத்தனை வருஷமாக வெயிலைத் திட்டினோம், மழையைத் திட்டினோம். அதுவும் காரணம்தான். ஆனால் பூ விரிகிற நேரத்தில் விஷம் அடித்தது நாங்கள். மத்தியானத்துக்கு மேல் அடித்திருந்தால் பாதி ஈயாவது பிழைத்திருக்கும். நானும் ஏலக்காட்டிலேயே பிறந்து வளர்ந்தவள்தான், எனக்கும் தெரியவில்லை.

அவரிடம் சொன்னேன். "எங்கப்பன் சொல்லிக் குடுத்த வேலையைத் தப்புன்னு சொல்றியா?" என்று கத்திவிட்டுப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை மேல்காட்டுக்கும் கீழ்க்காட்டுக்கும் சேர்த்துக் காலையில் மருந்து என்று ஜீப்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறார். உங்கள் அப்பாவைப் பற்றிப் பேச இந்த உலகத்தில் நீங்கள் ஒருத்திக்குத்தான் அவர் இடம் கொடுப்பார். நீங்கள் பேசினால் கேட்பார். பேசாவிட்டால் முதல் காய் எடுப்பு போய்விடும், நாங்கள் உங்களிடம் வந்துவிடுவோம். எப்படியிருந்தாலும் நான் உங்களைக் குறை சொல்லமாட்டேன். இதை யாக்கோபு அண்ணனிடம் ஸ்பீட் போஸ்டில் கொடுத்து விடுகிறேன்.

ஜோமோள்


கொழிஞ்சாம்பாறை
24 மே 2025

ஜோமோள்,

உன் கடிதம் வியாழக்கிழமை மத்தியானம் வந்தது. முதலில் எனக்கு ஆத்திரம்தான். எங்கள் அப்பா சின்னையன் நட்ட பயிர் என்றைக்கும் பொய்த்ததில்லை. மடித்து அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டேன். சாயங்காலம் வரை எடுக்கவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். சும்மா இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கடிதம் தாமதமாக வந்தது என்று சொன்னால் யாருக்குத் தெரியும்? மேற்கு வீட்டின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் வந்தால் சோனா எந்த அறையில் படிப்பாள் என்றெல்லாம் நினைத்தேன். பிறகு மடியில் அள்ளினேன் என்று நீ எழுதியிருந்தாயே, அது ஞாபகம் வந்தது. அந்த ஈக்கள் என் கிணற்றுத் தொட்டியில் தண்ணீர் குடித்தவையாக இருக்கலாம். நான் கொளுத்தாமல் விட்டு அனுப்பினேன், என் தம்பி மருந்தடித்துக் கொன்றான்.

கமலாத்தாள் போனை வாங்கிப் பேசினேன். அவள் நம்பரை அவன் தடுக்கவில்லை. என் குரலைக் கேட்டும் அவன் போனை வைத்துவிடவில்லை.

"என்ன அக்கா?"

"அப்பன் நெல்லுக்கும் கத்திரிக்கும்தான்டா சொல்லிக் குடுத்தாரு. ஏலத்தை அவரு கண்ணுல பாத்ததே இல்ல. பாத்திருந்தா, காத்தால அந்தப் பூவைப் பாத்திருந்தா, மருந்துக் குடத்தைக் கீழ வெச்சிருப்பாரு. உன்னையாட்டமா புடிச்ச புடியில நிப்பாரு அவரு?"

"ஜீப் ஆளுக சாயந்தரம் இருக்கமாட்டாங்க அக்கா."

"நீ இருக்கறே. உன்ற பொண்டாட்டி இருக்கறா. அஞ்சு குடம் அடிக்க உனக்கு ஜீப்பு வேணுமா?"

பிறகு அவன் அழுதான். நானும்தான். அதை நீ அவனிடம் கேட்டுக்கொள். என்ன முடிவு பண்ணினான் என்று போனில் சொல்லவில்லை, பழைய பிடிவாதம். நீ எழுது.

ஆனந்தி


சாந்தன்பாறை
16 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மதினிக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். மழை எங்களை எழுதவிடவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவர் ஜீப் ஆட்களைக் களையெடுக்க அனுப்பிவிட்டார். மூன்று மணிக்கு மேல், பூச்சி கண்ட இடத்தில் மட்டும், நானும் அவரும் மருந்தடித்தோம். அதற்குப் பிறகு எப்போதும் அப்படித்தான். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் கீழ்க்காட்டை வந்து பார்த்துவிட்டுப் போய், அவரும் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டார். மற்றவர்கள் மாறவில்லை. அந்த மருந்து காற்றில் இங்கேயும் வருகிறது, என்ன செய்ய?

முதல் காய் எடுப்பு முடிந்தது. அப்பா காலத்து விளைச்சலில் பாதி இருக்கும். போன வருஷத்தோடு பார்த்தால் எங்களுக்கு அதுவே திருவிழா. ரிசார்ட்காரருக்கு இல்லை என்று சொல்லியனுப்பிவிட்டோம்.

அப்படி அனுப்பிய ஒரு வாரத்தில் எதிர்ச் சரிவில் உருள்பொட்டியது. மண்ணும் பாறையும் ஒரே வாய்க்காலாக இறங்கி, இருதயம்மாள் சித்தியின் ஏலக்காட்டை வாரிக்கொண்டு போயிற்று. ஆட்களை முந்தின நாளே முகாமுக்கு மாற்றியிருந்ததால் உயிருக்கு ஒன்றுமில்லை, தொழுவம் போயிற்று. அந்தச் சத்தம் கேட்டதிலிருந்து சோனா என்னை விட்டு நகர்வதில்லை. உங்கள் தம்பி இரண்டு நாள் எதிர்ச் சரிவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நேற்று சொன்னார்: "போதும் ஜோமோளே. அந்த ரிசார்ட்காரனுக்குப் போன் பண்ணு. அக்கா ஊட்டுக்கே போயிரலாம்."

உங்கள் பக்கத்தில் இருக்க எனக்கும் ஆசைதான். நீங்கள் இவ்வளவு நாள் கேட்டது இது. ஆவணிக் கடைசிக்குள் வந்துவிடலாம் என்கிறார். மேற்கு வீடு காலியாகத்தானே இருக்கிறது?

ஜோமோள்


கொழிஞ்சாம்பாறை
23 ஆகஸ்ட் 2025

என் ஜோமோளுக்கும் சந்துருவுக்கும்,

இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள்.

கடிதம் வந்த அன்று நான் மேற்கு வீட்டைத் திறந்து கூட்டிப் பெருக்கினேன், கட்டிலுக்குப் புது மெத்தை வாங்கினேன். கமலாத்தாள், "தம்பி வர்றாருங்களா அம்மிணி?" என்று கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். பத்து வருஷமாக நான் கேட்ட வரம் அது. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன் என்றுகூடச் சொல்வேன்.

விடிந்ததும் கிணற்றடிக்குப் போனேன். இலவமரத்தில் இப்போது ஒன்றும் இல்லை. கிளைகளில் பழைய மெழுகு வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்னும் இரண்டு மாதத்தில் பார்த்தறியாத ஈக்கள் அந்த வெள்ளையைத் தேடி வரும். எத்தனை வரும் என்று தெரியாது. வராமலும் போகலாம், நான் என்னை ஏமாற்றிக்கொள்ள விரும்பவில்லை. இந்த ஊரில் இனி வெயில் குறையாது, போர்த் தண்ணீர் மேலே வராது. உங்கள் மலையும் இனி ஒவ்வொரு மழைக்கும் சரியும். சோனா காலத்தில் இதெல்லாம் இன்னும் மோசமாகும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஐந்து கூட்டம் வந்தது. ஒரு தோட்டத்தில் நேரத்தை மாற்றியதும் காய் பிடித்தது. இதையும் நான் என் கண்ணாலும் உன் கண்ணாலும் பார்த்துவிட்டேன், பார்க்காத மாதிரி இருக்க முடியவில்லை.

அந்த இரண்டு ஏக்கரை விற்றால் அங்கே நீச்சல் குளம் வரும். அயனி மரத்தை முதல் வாரத்தில் வெட்டுவார்கள். சாயங்காலம் மருந்தடிக்கக் கற்றுக்கொண்ட ஒருவன் அந்தச் சரிவில் இருக்கமாட்டான். இங்கே வந்து என்ன செய்வீர்கள்? என் தென்னைக்குத் தண்ணீர் விடுவீர்கள். அதற்கு ஆள் கிடைக்கும்.

அதனால் வராதீர்கள்.

ஆனால் வீரம் காட்டிக்கொண்டு அங்கேயே கிடக்கவும் வேண்டாம். ரெட் அலர்ட் என்று காதில் விழுந்த அன்றே சோனாவைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுங்கள். மழை விட்டதும் ஏறுங்கள். ஒரு மழைக்காலத்தில் எத்தனை தடவையானாலும் சரி, மெத்தை விரித்தபடியே இருக்கும். சந்துரு, சரிவுக்கு நேர்க்கீழே இருக்கிற அந்த வீட்டை இடித்துவிட்டு மேட்டில் கட்டு. என் வளையலை விற்றாவது கட்டு, அதில் எனக்கு வருத்தமில்லை.

இன்னொன்றும் யோசித்தேன். எங்கள் குடும்பத்தில் சந்துருவைத் தவிர இந்த மண்ணை விட்டு ஒரு மாதம் வெளியே இருந்தவர் யாரும் இல்லை. அது பெருமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சித்திரை வெயிலில் இங்கே மாடுகூட மூச்சு வாங்குகிறது. நான் மட்டும் எதற்கு உட்கார்ந்து வேக வேண்டும்? தென்னையைக் கமலாத்தாள் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறாள், கூலி கொஞ்சம் கூடக் கேட்கிறாள், கொடுத்துவிட்டேன்.

மாசியில் என் மரத்து ஈக்கள் கிளம்புகிறதைப் பார்த்துவிட்டு நான் பஸ் ஏறுகிறேன். மேட்டில் கட்டுகிற வீட்டில் வடக்குப் பார்த்த ஜன்னலோரம் எனக்கு ஒரு கட்டில் போட்டு வையுங்கள்.

அக்கா